நைஜீரியா: குற்றம் தலைவர்களுடையது மாத்திரந்தானா?

ஆப்பிரிக்காக் கண்டத்தில் ஜனத்தொகையில் முதன்மையாய் நிற்கும் தேசம் நைஜீரியா. இருபது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள். பூமிக்கு உள்ளே எண்ணெயும் வாயுவும். பூமிக்கு மேலே மழையும் பெரிய ஆறுகளும். டாக்டர்கள், வக்கீல்கள், எழுத்தாளர்கள், வியாபாரிகள் ஆகியவர்களுக்கும் பஞ்சமில்லை. 1960-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி வெள்ளைக்காரன் தன் கொடியை இறக்கிக்கொண்டு போனான். அன்று முதல் இன்று வரை அத்தேசத்துச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கு, வைத்தியம், குடிதண்ணீர், ரோடு ஆகிய இவைகள் சரிவரக் கிடைத்தபாடில்லை. ஏன் கிடைக்கவில்லையென்று அந்நாட்டுக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும், "எங்கள் தலைவர்கள் யோக்கியர்களல்ல" என்பதாக ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அந்நாட்டின் பெரிய எழுத்தாளரான சினுவா அச்செபே 1983-ல் இதற்கென்றே ஒரு சிறு புத்தகம் எழுதி, தங்கள் தேசத்தின் தொல்லையெல்லாம் தலைமையின் கோளாறே என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டிவிட்டார். சொன்னதோடு நிற்கவுமில்லை. சர்க்கார் கொடுக்க வந்த பட்டத்தை 2004-லும் 2011-லும் இரண்டு தடவை வேண்டாமென்று தள்ளினார்.

நாம் இதை மறுக்க வரவில்லை. தலைவர்களுடைய யோக்கியதையைப் பற்றி நாமும் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லப்போகிறோம். ஆனால் இது பாதி உண்மைதான் என்பதும், மற்றப் பாதியைப் பேசாமல் விட்டுவிட்டால் ஒரு தலைவன் போய் இன்னொரு தலைவன் வருவதைத் தவிர வேறொன்றும் நடக்காது என்பதும் நமது அபிப்பிராயம்.

முதலில் விளக்கு விஷயத்தை எடுத்துக்கொள்ளுவோம். அங்கே மின்சாரம் உண்டாக்க நாட்டியிருக்கும் யந்திரங்களின் சக்தி சுமார் 13,000 மெகாவாட்டு. ஜனங்களுக்கு வந்து சேருவதோ 4,000 அல்லது 5,000. இருபது கோடி ஜனங்களுக்கு இது எந்த மூலைக்குப் போதும்? எட்டரைக் கோடி பேருடைய வீடுகளுக்கு மின்சாரக் கம்பியின் பிரயோஜனமே எட்டவில்லையென்று உலக பாங்கி 2021-ல் கணக்குச் சொல்லிற்று. கம்பி இருக்கிற வீட்டிலும் விளக்கு எரிவது அதிசயம். பழைய மின்சார இலாகாவின் பெயரிலிருந்த நான்கு எழுத்துக்கு ஜனங்கள், "எப்பொழுதும் மின்சாரம் வருமென்று எதிர்பாராதே" என்று வியாக்கியானம் சொல்லிச் சிரித்தார்கள். 2005-ல் இலாகாவின் பெயரை மாற்றினார்கள். உடனே புதுப் பெயரின் எழுத்துக்களுக்கு, "தொல்லை தன் பெயரை மாற்றிக்கொண்டது" என்று வியாக்கியானம் பிறந்தது. 2013-ல் அதைத் தனிப்பட்ட கம்பெனிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். 2024-ல் ஒரே வருஷத்துக்குள் பல தடவை தேசம் முழுவதும் ஒரேயடியாய் மின்சாரம் நின்று இருளடைந்து போயிற்று.

இதற்கு அந்த ஜனங்கள் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? சக்தியுள்ளவன் ஒவ்வொருவனும் தன் வீட்டு வாசலில் பெட்ரோல் ஊற்றி ஓட்டும் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டான். தையற்காரன், முடி வெட்டுகிறவன், சோடாக் கடைக்காரன் முதற்கொண்டு வாங்கக்கூடிய சின்ன ஜெனரேட்டர் ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் இட்டிருக்கும் செல்லப் பெயர், "பக்கத்து வீட்டானுக்கு நான் மேல்" என்பதாகும். கேட்பதற்கு வேடிக்கையாய்த்தானிருக்கும். ஆனால் நாம் இந்தப் பெயரைச் சிரித்துவிட்டு விடப்போவதில்லை. தெருவே இருட்டாயிருக்கும்பொழுது, தெருவாரெல்லாரும் கூடி மின்சார ஆபீசு வாசலில் போய் நிற்பதற்குப் பதிலாக, பக்கத்து வீட்டானைப் பார்க்கிலும் தான் ஒரு விளக்கு அதிகமாய் ஏற்றிக்கொண்டதிலே திருப்தியடைகிற மனோபாவம் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது. இந்த மனோபாவந்தான் அங்கே உள்ள அக்கிரமக்காரத் தலைவர்களுக்கெல்லாம் அஸ்திவாரம்.

தலைவர்கள் செய்திருப்பதும் இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்ததல்லாமல் வேறென்ன? 2025-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி மாளிகைக்கு மாத்திரம் சூரிய வெப்பத்தினால் மின்சாரம் உண்டாக்கிக்கொள்ள 1,000 கோடி நைரா ஒதுக்கப்பட்டது. அதாவது, தேசத்து மின்சாரத்துக்குப் பொறுப்பாளியான அந்த மாளிகையே தேசத்து மின்சாரத்தை நம்பவில்லை. பக்கத்து வீட்டானுக்கு நான் மேல்!

வைத்தியத்தின் கதை இதைவிட மோசம். 2001 ஏப்ரலில் ஆப்பிரிக்க தேசத்துத் தலைவர்களெல்லாம் ஒன்றுகூடி, தங்கள் தங்கள் வரவு செலவில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குக் குறையாமல் வைத்தியத்துக்குச் செலவிடுவதாக வாக்களித்தார்கள். கூடின இடம் எது? நைஜீரியாவின் தலைநகரமாகிய அபுஜா. விருந்தளித்த அந்த சர்க்கார் ஒரு வருஷமாவது அந்த வாக்கை நிறைவேற்றினதில்லை. ஜனாதிபதி யார் அடுவா 2009 நவம்பரில் வியாதிக்காக சவூதி அரேபியாவுக்குப் போனவர், அதிகாரத்தை இன்னாரிடம் ஒப்புவித்தேன் என்று ஒரு வரிகூட எழுதிக்கொடுக்காமலே மாதக்கணக்கில் அங்கே இருந்தார். தேசத்தை யார் ஆளுகிறார்களென்று யாருக்கும் தெரியாத நிலையில் 2010 பிப்ரவரியில் சட்டசபையார்தான் துணை ஜனாதிபதியைப் பொறுப்பேற்கும்படி தீர்மானம் செய்ய வேண்டியதாயிற்று. அவருக்குப் பின் சில வருஷம் கழித்து வந்த ஜனாதிபதி புகாரியோ, உள்நாட்டில் பார்த்துக்கொள்ளக்கூடிய வியாதிக்கு உத்தியோகஸ்தர்கள் வெளிநாடு போவதை சர்க்கார் ஆதரிக்காது என்று 2016-ல் உபதேசம் செய்தார். இரண்டு மாதத்துக்குள் தமது காது வலிக்கு லண்டனுக்குப் போனார்! மறு வருஷம் ஒரே தடவையில் நூறு நாட்களுக்கு மேல் லண்டனில் தங்கினார். அதே 2017-ஆம் வருஷத்திலேதான், அவர் மனைவியாரே வெளியில் வந்து, ஜனாதிபதி மாளிகைக்குள் இருக்கும் வைத்தியசாலையில் ஊசி போடும் குழல்கூட இல்லையென்று பகிரங்கமாய்ச் சொன்னார். கடைசியில் 2025 ஜூலை 13-ந் தேதி புகாரி லண்டனிலேயே காலமானார். இறந்தவரை இகழ்வது நமது நோக்கமல்ல. எட்டு வருஷம் ஒரு தேசத்தை ஆண்டவர், தம் உயிரை ஒப்புவிக்கத்தக்க ஒரு ஆஸ்பத்திரியைத் தம் தேசத்தில் காணவில்லை என்பதைத்தான் சொல்லுகிறோம். அவருக்கே இல்லையென்றால் பிரசவ வலியோடு கட்டைவண்டி ரோட்டில் போகும் குடியானவன் மனைவிக்கு என்ன இருக்கும்? டாக்டர்களும் நர்சுகளும் கூட்டங் கூட்டமாய் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். "ஜாப்பா", அதாவது ஓடித் தப்பு என்ற யொருபா வார்த்தை அங்கே வாலிபர் வாயில் மந்திரம்போல் வழங்குகிறது.

ரோட்டு விஷயத்தில் ஒரு சங்கதியைச் சொல்லாமலிருக்க மனமில்லை. 2023-ல் சட்டசபை மெம்பர்களுக்குத் தலைக்கு ஒரு பெரிய வெளிநாட்டு மோட்டார் வாங்கினார்கள். ஒன்றின் விலை 16 கோடி நைரா என்று பத்திரிகைகளில் வெளியாயிற்று. ஏன் இவ்வளவு விலையில் என்று கேட்டதற்கு மேல்சபை மெம்பர் ஒருவர், நமது ரோடுகள் மோசமாயிருக்கின்றன, சாதாரண வண்டி தாங்காது என்ற கருத்துப்படப் பதில் சொன்னார். ரோட்டைப் போட வேண்டியவர் ரோடு கெட்டிருப்பதையே தமக்கு உயர்ந்த மோட்டார் கிடைப்பதற்குக் காரணமாகக் காட்டுகிற சாமர்த்தியத்தை என்னென்று சொல்லுவது!

அதே 2023 மே மாதம் 29-ந் தேதி புதிய ஜனாதிபதி டினுபு பதவியேற்ற மேடையிலேயே பெட்ரோலுக்கு சர்க்கார் கொடுத்துவந்த உதவிப் பணம் இனி இல்லையென்று சொல்லிவிட்டார். லிட்டர் 200 நைராவுக்குக் கீழே விற்றது சில நாளில் 500-ஆகி, 2024 முடிவதற்குள் 1,000 வரைக்கும் ஏறிற்று. உதவிப் பணத்தில் பெருங்கொள்ளை நடந்துவந்தது நிஜம். சர்க்காருக்குச் சொந்தமான நான்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வருஷக் கணக்கில் தூங்கிக்கிடக்க, எண்ணெய் ஊறும் தேசம் பெட்ரோலைக் கப்பலில் தருவித்துக்கொண்டிருந்தது. கொள்ளையை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் கொள்ளையடித்தவனுக்கு சிக்ஷை எங்கே? கூலிக்காரனுக்கு வண்டிச் சத்தம் ஏறினதுதான் கண்ட பலன். 2024 டிசம்பரில் இபடான் நகரத்தில் குழந்தைகளுக்கு வேடிக்கையும் வெகுமதியும் என்று சொன்ன இடத்தில் கூட்டம் நெருங்கி 35 குழந்தைகள் மிதிபட்டுச் செத்தார்கள். இரண்டொரு நாளில் ஓக்கிஜா என்ற ஊரிலும் அபுஜாவிலும் இனாமாய் அரிசி கொடுக்கிறார்களென்று கேட்டு விடியுமுன் போய் நின்றவர்கள் செத்தார்கள். மூன்று இடத்திலுமாக 60 பேருக்கு மேல்.

இவைகளையெல்லாம் பார்க்கும்போது, "இதில் ஜனங்கள் குற்றம் என்ன இருக்கிறது?" என்று வாசகர்கள் நம்மைக் கோபித்துக்கொள்ளலாம். அரிசிக்கு நெருக்குண்டு செத்தவர்கள்மேல் நாம் குற்றஞ் சொல்லவில்லை. வெள்ளைக்காரனையும் நாம் விட்டுவிடவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாடுகளை 1914-ல் லுகார்டு துரை ஒன்றாய் முடிந்து, உள்ளூர் ராஜாக்களையும் ஜமீன்களையும் வைத்துக்கொண்டு மறைவில் ஆண்டதன் பலனும், 1956-ல் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டது முதல் அந்நிய எண்ணெய்க் கம்பெனிகள் ஆற்றையும் வயலையும் நாசமாக்கினதும், அதைக் கேட்ட கென் சாரோ விவாவையும் எட்டுப் பேரையும் 1995-ல் தூக்கிலிட்ட ராணுவத்தானின் கொடுமையும் உலகமறிந்தது. ஆனால் 1999 முதல் அங்கே நடப்பது வோட்டு ராஜ்யமல்லவா? கால் நூற்றாண்டாக வோட்டுப் போட்டும் அதே மனிதர்கள் கக்ஷி மாறி, தொப்பி மாறித் திரும்பத் திரும்ப எப்படி வருகிறார்கள்?

அங்கே ஒரு மனிதன் அபேக்ஷகனாய் நின்றால், அவன் என்ன செய்தான் என்பது இரண்டாவது கேள்வி. அவன் எந்த ஜாதியான், வடக்கத்தியானா தெற்கத்தியானா, முஸ்லிமா கிறிஸ்தவனா என்பதே முதல் கேள்வி. இந்தத் தடவை வடக்கு, அடுத்த தடவை தெற்கு என்று முறை வைத்து ஆளுவது கக்ஷிக்காரர்களுக்குள் வழக்கமாகிவிட்டது. டினுபு 2022-ல் கூட்டத்தில் பேசுகையில் சொன்ன, "இப்பொழுது என் முறை" என்ற பொருளுள்ள யொருபா வார்த்தை தேசமெங்கும் பிரசித்தமாயிற்று. பந்தியில் உட்காருகிறவன் சொல்லத்தக்க வார்த்தை இது. ஊழியம் செய்ய வருகிறவன் சொல்லத்தக்கதா? தன் ஜாதியான் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் தனக்கு வயிறு நிறைந்துவிட்டதாக இலையில்லாதவனும் எண்ணிக்கொள்ளுகிறான். 2023 தேர்தலில் பதிவான 9 கோடியே 34 லக்ஷம் பேரில் வோட்டுப் போட்டவர்கள் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஜெயித்தவர் பெற்றது சுமார் 88 லக்ஷம் வோட்டு. வெறுத்துப்போய் வீட்டிலிருந்தவர்கள் அநேகரென்றால், வெறுப்பினால் மாத்திரம் எந்த அக்கிரமக்காரனும் இறங்கிப்போனதில்லை.

மதத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஏழைகள் பிரார்த்தனைக்குக் கொடுக்கும் தசம பாகத்தினால் சொந்தமாய் ஆகாய விமானம் வாங்கி வைத்திருக்கும் பாதிரிகள் அங்கே பலருண்டு. வறுமைக்குக் காரணம் தலைவனல்ல, உன் வீட்டுக் குழந்தைக்குள் புகுந்திருக்கும் பேய் என்று சொல்லிக் குழந்தைகளைத் தெருவில் துரத்தச் செய்த கூட்டமும் உண்டு. இந்த அநியாயம் தாங்காமல் ஆக்வா ஈபோம் மாகாணத்தார் 2008-ல், குழந்தையைச் சூனியக்காரி என்று சொல்லுகிறவனைத் தண்டிக்கச் சட்டமே செய்ய வேண்டி வந்தது. மதத்தைப் பற்றித் தன் புத்திக்குப் பட்டதை எழுதின முபாரக் பாலா என்பவரை 2020 ஏப்ரலில் பிடித்து, 2022-ல் 24 வருஷ சிக்ஷை விதித்தார்கள். அப்பீலில் அது 5 வருஷமாய்க் குறைந்து, 2025 ஜனவரியில்தான் வெளியே வந்தார். தேசத்தின் கஜானாவைக் காலி செய்தவன் எவனுக்காவது 24 வருஷம் விதித்ததுண்டா என்று நமது கண்ணுக்குத் தென்படவில்லை. ஆயினும் அதே மண்ணில் தாய் சோலாரின் என்ற ஒரு நாஸ்திகரும் பிறந்தார். 1956-ல் மேபிளவர் என்ற பள்ளிக்கூடத்தை ஆரம்பித்து, மதபோதனையில்லாமல், மண்வெட்டி பிடிக்கவும் புஸ்தகம் பிடிக்கவும் சேர்த்துப் பிள்ளைகளைப் பழக்கினார். அரைக்கால் சட்டையோடு கடைசி வரையில் திரிந்த அந்த மனிதரை ராணுவ சர்க்கார் சிறையில் வைத்தும் அவர் வாயை அடக்க முடியவில்லை.

இனி நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ ஜனங்கள் வாழ்கிறார்கள். படிப்பிலும் வியாபாரத்திலும் சூரர்கள். ராஜாவுக்கு அடங்காமல் ஊர்கூடிப் பேசி முடிவு செய்த பழக்கமுள்ளவர்கள் என்று பேர் பெற்றவர்கள். இவர்களுக்குள் "ஓசு" என்றொரு வகுப்பு உண்டு. பூர்வத்தில் ஏதோ ஒரு சாமிக்கு நேர்ந்து விடப்பட்டவர்கள், அல்லது ஆபத்துக்குத் தப்பிக் கோவிலில் போய் விழுந்தவர்கள், இவர்களுடைய சந்ததியாரெல்லாம் ஓசுக்கள். இவர்கள் சாமிக்குச் சொந்தம். ஆதலால் மனிதர்களோடு சேரக்கூடாது. கலியாணம் கிடையாது, ஊர்த் தலைமை கிடையாது, பிணத்தையும் தனியே போடவேண்டும். மற்றவர்கள் "டியாலா", அதாவது சுதந்திரமாய்ப் பிறந்தவர்கள். நமது வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையிராது.

வெள்ளைக்காரன் போவதற்கு முன்பே, 1956-ல், கிழக்கு மாகாணச் சட்டசபை ஓசு முறையை ஒழித்துச் சட்டம் செய்தது. அப்போது மாகாண முதல் மந்திரி, பின்னால் தேசத்தின் முதல் ஜனாதிபதியான அசிகிவே. சட்டம் ஆயிற்று, ஓசு ஒழிந்ததா? 1960-ல் அச்செபே எழுதிய இரண்டாவது நாவலில், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த பிள்ளை ஒரு ஓசுப் பெண்ணைக் கலியாணம் செய்ய நினைக்கிறான். தடுக்கிறவர் யார்? சாமியை விட்டுக் கிறிஸ்தவராகி உபதேசியார் வேலை பார்த்த தகப்பனார்! சாமி போய்விட்டது, சாமிக்கு நேர்ந்தவன் என்ற இழிவு மாத்திரம் போகவில்லை. 2018 டிசம்பரில் நிரி என்ற ஊரில் பெரிய சடங்கு ஒன்று நடத்தி, ஓசு முறை ஒழிந்தது என்று மறுபடியும் பிரகடனம் செய்தார்கள். 1956-ல் ஒழிந்ததை 62 வருஷம் கழித்து ஒழித்தார்கள்!

இன்றும் கலியாணப் பேச்சு வந்தால், பெண்ணும் பிள்ளையும் லண்டனிலும் அமெரிக்காவிலும் உத்தியோகம் பார்த்தாலுங்கூட, பூர்வீகக் கிராமத்துக்கு ஆள் அனுப்பி, இன்னாருடைய பாட்டன் யார் என்று விசாரிக்கிறார்கள். ஓசு என்று தெரிந்தால், வேறு காரணம் சொல்லிக் கலியாணத்தை நிறுத்திவிடுகிறார்கள். இப்படி நிறுத்துகிற தகப்பன்தான் சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து, தலைவர்கள் தேசத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பேசுகிறான். பக்கத்து வீட்டான் தனக்குச் சமமான மனிதன் என்பதையே ஒப்புக்கொள்ளாதவன், அவனோடு தோள் சேர்ந்து நின்று ஒரு மந்திரியைக் கணக்குக் கேட்பான் என்று எதிர்பார்ப்பது எப்படி? இதை அந்தத் தலைவர்கள் நன்றாய் அறிந்திருக்கிறார்கள். அதனால்தான் எந்தக் கக்ஷித் தலைவனும் ஓசு விஷயத்தை மேடையில் எடுப்பதில்லை. எடுத்தால் வோட்டுப் போய்விடும்.

2020 அக்டோபரில் ஒரு காட்சியை உலகம் பார்த்தது. கொள்ளைக்காரரைப் பிடிப்பதற்கென்று 1992-ல் ஏற்படுத்தின ஒரு போலீஸ் படை, தானே வாலிபர்களைப் பிடித்துப் பணம் பறித்துக் கொன்றுவந்ததைக் கண்டித்து, லாகோசிலும் மற்ற ஊர்களிலும் லக்ஷக்கணக்கான வாலிபரும் பெண்களும் ரோட்டில் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. தங்களுக்குள்ளேயே பணம் சேர்த்து, சோறு போட்டு, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, ரோட்டையும் கூட்டிச் சுத்தம் செய்தார்கள். முஸ்லிம்கள் தொழும்போது கிறிஸ்தவர்கள் சுற்றிக் காவல் நின்றார்கள். 20-ந் தேதி இரவு லெக்கி சுங்கச்சாவடியில் பட்டாளத்தார் அவர்கள்மேல் சுட்டார்கள். அந்தச் சில நாட்கள் தலைவர்களுக்கு உண்டான நடுக்கம், அறுபது வருஷத்துத் தேர்தல்களில் உண்டானதில்லை. ஆனால் அதே லாகோசில் 2023 மார்ச்சில் மாகாணத் தேர்தல் நடந்தபோது, இக்போவாய் இருக்கலாம் என்று முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களை வோட்டுச் சாவடியிலேயே மிரட்டி அடித்துத் துரத்தினார்கள்.

லெக்கியில் நின்ற வாலிபருக்கும் பெண்களுக்கும் இப்போது கலியாண வயது. அவர்களுடைய பெற்றோர்கள் வழக்கப்படி பூர்வீகம் விசாரிக்க ஊருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆளை வாசலிலேயே திருப்பியனுப்புகிறவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்பதையே நாம் கவனித்துக்கொண்டிருக்கிறோம்.